சேவலைக் கொன்றவள் உன் அம்மா இல்லை

தம்பிக்கு,

இங்கே உன் அம்மாவும் கோழிகளும் சுகம். நான் சுகமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். உன் கடிதம் நேற்று மத்தியானம் தையற்கடைக்கு வந்தது. ஒரு வாத்தியாருக்குச் சட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தவன், அவரைக் கையைத் தூக்கியபடியே நிற்க வைத்துவிட்டுப் படித்தேன். தனமும் குழந்தையும் கோலியனூர்த் தாய்வீட்டிலிருந்து விழுப்புரம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வரும்போது வீட்டு முட்டை வேண்டுமே என்று நாலு இளங்கோழிகள் வாங்கிவந்து, பின்பக்கம் மேய்கிற பழைய கோழிகளோடு விட்டாயாம். பெரியவை அவற்றைத் தீனிப் பக்கமே அண்டவிடாமல் கொத்தி விரட்டுகின்றனவாம். ஒன்றுக்கு மண்டையில் ரத்தமாம். என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டு உடனே எழுதச் சொல்லியிருந்தாய். கடிதத்தின் அடியில், இடம் மிச்சம் இருந்ததற்காக எழுதியது மாதிரி இன்னொன்றும் இருந்தது. "பெயர் வைக்கிற அன்றைக்கு நீங்கள் மட்டும் வந்தால் போதும். அம்மா வர வேண்டாம். அத்தைக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எனக்கும்தான்." கோழிக்கு ஒரு பக்கம் எழுதிய பிள்ளை, பெற்றவளுக்கு இவ்வளவுதான் எழுதினான். நான் கோபப்படவில்லை. கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சாயந்திரம் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கோழி வரைக்கும்தான் படித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாதது எனக்கு வசதியாகப் போயிற்று. "அவ்ளோதானா?" என்றாள். "அவ்ளோதான்" என்றேன். "பேரு வெக்கிறது என்னைக்குன்னு ஒண்ணும் எழுதலியா?" என்றாள். அடுத்த கடிதத்தில் எழுதுவான் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் உள்ளே போய்த் தவிட்டுப் பானையைத் திறந்து பார்த்தாள். பிரசவம் ஆன உடம்புக்கு நாட்டுக்கோழி முட்டைதான் நல்லது என்று, ஒவ்வொரு முட்டையாகத் தவிட்டில் புதைத்துத் தனத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறாள். எனக்கு அதில் ஒன்று கூடக் கிடையாது. "பஸ்ஸுல எடுத்துக்கினு போனா ஒடஞ்சிப் போயிடும், ரயில்லதான் போவணும்" என்று பானையைப் பார்த்தே சொன்னாள். நான் சட்டையைக் கழற்றுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

முதலில் உன் கோழிக்குப் பதில். உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "மொதல்ல அந்த ரத்தம் வர்ற குஞ்ச தனியா எடுத்து வெக்கச் சொல்லுங்க. மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழைச்சிப் போடட்டும். ரத்தத்தப் பார்த்துட்டா எல்லாம் ஒண்ணா சேர்ந்து குத்திக்கினே இருக்கும், கொல்லாம விடாது." மற்ற மூன்றையும் இன்றைக்கே பிரித்துவிடு. ஆனால் வேறெங்கேயும் கொண்டுபோகாதே. பெரிய கோழிகள் மேய்கிற அதே இடத்தில் ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் விடு. "கண்ணுல பட்டுக்கினே இருக்கணும், மூக்குக்கு மட்டும் எட்டக் கூடாது" என்கிறாள். உள்ளே கேப்பை போடும்போது கூடையைச் சுற்றி வெளியேயும் கொஞ்சம் இறைத்துவிடு, இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் தின்று பழகும். முதலில் பெரியவை வந்து கூடையைக் கொத்தும். அப்புறம் சும்மா நின்று பார்க்கும். அப்புறம் பார்க்கவும் செய்யாமல் கூடைக்குப் பக்கத்திலேயே மண்ணைப் பறித்துக்கொண்டு படுத்துவிடும். அது நடக்கிற வரைக்கும் பொறுத்திரு. பிறகு ஒரு நாள் பொழுது சாய்ந்து பெரியவை கூண்டில் அடைந்ததும், சத்தம் போடாமல் சின்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப்போய் அவற்றுக்கு நடுவில் வைத்துவிடு. விடியும்போது எல்லாம் ஒரே கூட்டமாக வெளியே வரும். அன்றைக்குத் தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் நாலைந்து இடத்தில் இறைக்க வேண்டும். சின்னவை ஓடி ஒளிய மூலையில் விறகைச் சாய்த்து வை. "கொஞ்சம் குத்தத்தான் குத்தும். அதுக்குப் போயி குச்சிய எடுத்துக்கினு நடுவுல நிக்க வேணாம். யாரு பெருசு யாரு சின்னதுன்னு அதுங்களே பேசி முடிச்சிக்கும்" என்றாள். கடைசியாக, அடுப்பு ஊதுகிற குழலைக் கீழே வைத்துவிட்டு, "ஜல்தி பண்ணாதேன்னு எழுதுங்க, அதான் முக்கியம்" என்றாள். அப்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இந்த வித்தை முழுவதையும் அவள் என்னிடமும் சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நேர்ந்துவிட்ட சேவல் செத்திருக்காது, உன் மாமியார் உன் அம்மாவைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார், உன் கடிதத்தில் அந்த நாலு வரி இருந்திருக்காது. தம்பி, கட்டையை எறிந்து சேவலைக் கொன்றவன் நான். உன் அம்மா அந்த நேரத்தில் திண்டிவனத்திலேயே இல்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். தனத்துக்கு முதல் கரு தங்காமல் போனதும், இரண்டாவது தடவையும் ஆரம்பத்திலேயே கொஞ்சம் உதிரம் பட்டதும், நீ ரயிலைப் பிடித்து வந்து அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுததும் நினைவிருக்கும். நீ திரும்பிப் போன மறுநாளே அவள் எங்கள் கோழிகளில் பொரித்த ஒரு சிவப்புச் சேவலைப் பிடித்து, மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, காலில் மஞ்சள் கயிறு கட்டினாள். "தாயும் புள்ளையும் நல்லபடியா ரெண்டு உசுரா பிரியட்டும், இது உனக்குத்தான்" என்று முனீஸ்வரனுக்கு நேர்ந்து விட்டாள். நேர்ந்துவிட்ட சேவலை அடைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்தச் சட்டம் சேவலுக்கும் தெரிந்துவிட்டது. காயவைத்த மல்லாட்டையில் ஏறி நின்று கடலையைக் கொத்தும். என் வேட்டியைக் கொத்தும். எங்கள் பழைய கருப்புச் சேவல் ஊரை ஆண்ட சேவல், அதுவே இதைக் கண்டால் ஒதுங்கிப் போய் நின்றது. ராத்திரிக்குக் கூண்டு கிடையாது, முருங்கை மரத்தில்தான் படுக்கை. நான் சாமி கும்பிடாதவன் என்பது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். என் கடையில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் கட்சிதான். "உன் சாமிக்குச் சொந்தமா ஒரு கோழி வளர்க்க முடியலையா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். எங்கள் சம்சாரம் இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது.

அப்புறம்தான் வெள்ளைக் குஞ்சுகள் வந்தன. பிளாக் ஆபீஸில் சீமைக் கோழி கொடுக்கிறார்கள், நாட்டுக்கோழியைப் போல இரண்டு மடங்கு முட்டை இடும் என்று கேள்விப்பட்டு நான்தான் போய் எழுதி வைத்து வாங்கி வந்தேன். ரத்தச்சிவப்புக் கொண்டையும் வெள்ளை உடம்புமாகப் பார்க்க லட்சணமாக இருக்கும். அவற்றைக் கடை நண்பர்களிடம் பெரிதாகச் சொல்லிக்கொண்டேன், நம் நாடு முன்னேறுவதற்கு நானே ஏற்பாடு செய்துவிட்டது மாதிரி. உன் அம்மா குறை ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி வந்த அன்றே கூடையைக் கவிழ்த்து, மேலே சொன்ன முறைப்படி ஆரம்பித்துவிட்டாள். ஆனால் இந்தத் தடவை ஒரு சிக்கல் இருந்தது. மற்றக் கோழிகளை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம், நேர்ந்துவிட்ட சேவலை மட்டும் ஒரு நாள் கூட அடைத்து வைக்க முடியாது. அது பொல்லாதது. தனம் சீமந்தம் முடிந்து கோலியனூரில் தாய்வீட்டில் இருந்தாள் அல்லவா, அவளைப் பார்த்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வரலாம் என்று உன் அம்மா ஒரு சனிக்கிழமை கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பி, "நான் வர்ற வரைக்கும் அந்தக் கூடைய மட்டும் தொடாதீங்க. புள்ள பொறந்து, படையல் முடிஞ்சி, அந்தச் சேவல் போனாத்தான் இதுங்கள வெளிய விடலாம்" என்றாள். சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மறுநாள் கடை விடுமுறை. நண்பர்கள் சீமைக் கோழியைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். பார்த்தார்கள், பாராட்டினார்கள். அதோடு போயிருக்கலாம். ஒருவர், "இன்னாப்பா, வெள்ளக்காரிங்கள இப்பிடி ஜெயில்ல போட்டு வெச்சிருக்கே? எப்ப விடுதலை?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருக்காமல் காரணத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "கடையில சாமி இல்லன்றே, வூட்டுல சாமி சேவலு உத்தரவு குடுத்தாத்தான் கூடையத் தொறப்பியா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பட்டப்பகலில், தீனி இறைத்துக் கோழிகளெல்லாம் கூடியிருந்த நேரத்தில், "இப்ப பாருங்க" என்று கூடையைத் தூக்கி எறிந்தேன். வெள்ளைக் குஞ்சுகள் இரண்டடி எடுத்து வைத்திருக்காது. சிவப்புச் சேவல் பறந்து வந்து ஒன்றின் கொண்டையைக் கிழித்தது. வெள்ளை உடம்பில் ரத்தம் தெரிந்ததும் உன் அம்மா சொன்னபடியே எல்லாக் கோழியும் சேர்ந்துகொண்டன. நான் கையை வீசினேன், கத்தினேன். அந்தக் குஞ்சு என் கால் பக்கத்திலேயே விழுந்து செத்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அடுப்புக்கு வைத்திருந்த விறகுக் கட்டை கையில் அகப்பட்டது, எடுத்து எறிந்தேன். சேவலின் கழுத்தில் பட்டது. ஒரு குதி குதித்துச் சாய்ந்துவிட்டது. காலில் மஞ்சள் கயிறு மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. சாமி இல்லை என்கிற அந்தக் கூட்டத்தில் ஒருவன் கூட அந்தச் சேவலைக் கிட்டே போய்த் தொடவில்லை. நான்தான் வீம்புக்கு, "இன்னாப்பா பாக்கறீங்க? கோழி செத்தா குழம்பு" என்று சொல்லி, கயிற்றை அறுத்துப் போட்டு, அறுத்துச் சுத்தம் செய்து அடுப்பில் ஏற்றினேன். அவர்களுக்கும் போட்டு நானும் சாப்பிட்டேன். பயம் இல்லை என்று காட்டுவதற்காக இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். உன் பெண்டாட்டி பிழைக்க வேண்டும், உன் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று உன் அம்மா யாரிடமோ கொடுத்து வைத்திருந்ததை நான் எலும்பு கடித்துத் தின்றேன், தம்பி. அதை எழுதும்போது இப்போதும் வாய் கசக்கிறது. சாமி உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. அது அவளுடையது, அவள் கொடுத்த வார்த்தை. அதை எடுத்துத் தின்ன எனக்கு என்ன உரிமை? நண்பர்கள் கிளம்பும்போது ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "வூட்டுல சொல்லிடாதீங்கப்பா" என்று கெஞ்சினேன். கடையில் மேஜையைத் தட்டிப் பேசுகிற வாய்தான் அது.

திங்கட்கிழமை கடையைத் திறக்கவில்லை. மயிலம் போகிற வழியில் ஒரு சந்தை கூடுகிறது, அங்கே போய்ச் சேவல் தேடினேன். நிறம் பார்த்துத் துணிக்கு நூல் பொருத்துவது என் தொழில். செத்துப்போனதை மனசில் வைத்துக்கொண்டு, கழுத்துச் சிவப்பு, வால் பச்சை, கால் மஞ்சள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒரு சேவலைப் பிடித்தேன். அறுத்துப்போட்ட கயிற்றைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டு அதன் காலில் கட்டினேன். பெற்ற தாய்க்கோழிக்கே வித்தியாசம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். செத்த வெள்ளைக் குஞ்சை மட்டும் பூனை தூக்கிப் போய்விட்டதாகச் சொல்வது என்று முடிவு செய்தேன். சாயந்திர ரயிலில் உன் அம்மா வந்தாள். தனம் நன்றாக இருக்கிறாள், முகம் தெளிந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனாள்.

நான் எட்டிப் பார்த்தேன். பொழுது சாயப்போகிற நேரம், கோழிகள் அடைய வந்துவிட்டன. எங்கள் கருப்புச் சேவல், சிவப்பைக் கண்டால் ஒதுங்கிப்போகிற அந்தக் கருப்பு, கழுத்து மயிரைச் சிலுப்பிக்கொண்டு புதுச் சேவலை வேலியோரம் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. பெட்டைகள் கூடப் போகிற போக்கில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போயின. புதுச் சேவலோ முருங்கை மரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நடு முற்றத்தில் நின்று திருதிருவென்று விழித்தது. நான் நிறத்தைத்தான் பொருத்தினேன். தன் கூட்டத்துக் கோழி எது, வெளிக் கோழி எது என்று கோழிகளுக்குத் தெரியும் என்பதை மறந்துபோனேன். முதல் நாளிலிருந்து உன் அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்த ஒன்றைத்தான். "அது எங்க?" என்றாள். "எது? இதானே அது" என்றேன். அவள் என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. சேவலைப் பிடித்து, கயிற்றை அவிழ்த்து, அதைக் கழுவி, சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் உலை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா ஞாயிற்றுக்கிழமை நடந்த எல்லாவற்றையும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தம்மா சொல்லி உன் அம்மாவுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. என்னிடம் அவள் ஒன்றுமே கேட்கவில்லை, ஒரு சண்டை கூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. நீ அப்போது டியூட்டியில் இருந்தாய், சாயந்திரம்தான் வந்தாய். அதனால் வராந்தாவில் நடந்தது உனக்குத் தெரியாது. தனத்துக்கு வலி எடுத்து வெகு நேரம் ஆகியும் குழந்தை வரவில்லை. உள்ளேயிருந்து அவள் கத்துகிற சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு எந்தெந்தச் சாமிக்கு என்னென்ன வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று திரும்பி, "அண்ணி, நீங்க நேர்ந்து வுட்ட சேவல் பத்திரமா இருக்குதில்ல?" என்று கேட்டார். நானும் அங்கேதான் நின்றேன். இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் நான் தனத்தை நினைக்கவில்லை. குழந்தையை நினைக்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் பழி என் மேல் வந்துவிடுமே என்றுதான் நினைத்தேன். சேவலுக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவனுக்கு அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை கூட அப்போது வாயில் வரவில்லை. கையிலிருந்த துணிப் பையின் காது பிரிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன். அப்புறம் அவள் சொன்னாள். "இல்லீங்க, அது செத்துப் போச்சி. புதுக் குஞ்சக் குத்துச்சேன்னு கோவத்துல நான்தான் கட்டைய எறிஞ்சிட்டேன்."

சம்பந்தியம்மா போட்ட கூச்சலில் அங்கே இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். "எம் பொண்ணு உள்ள சாவுறா, நீ கோழி மேல கோவத்தக் காட்டிக்கினு இருந்தியா? நீயெல்லாம் ஒரு பொம்பளயா? இந்தக் கையால எம் பேரப்புள்ளையத் தொடாதே." உன் அம்மா அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தூணோரம் போய் உட்கார்ந்தாள். பிறகு குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். எல்லோரும் உள்ளே போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், நானும் போனேன். பேரனை என் கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்! உன் அம்மா வாசற்படிக்கு வெளியே நின்று, எட்டிப் பார்த்தாள். நீ வந்ததும் உன் காதில் யாரோ விஷயத்தைப் போட்டார்கள். நீ அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாய். அப்போதும் நான் சொல்லவில்லை.

ரயிலில் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. புள்ள உசுருக்கு வேண்டிக்கினது, கேக்கறப்ப பொய் சொல்லக் கூடாது. செத்துப் போச்சின்னு யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆவணும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "பொண்ணு குடுத்த எடம். உங்கள மதிக்கிறாங்க. என்னத் திட்டினா ரெண்டு நாளுல மறந்துடுவாங்க" என்றாள். அவர்கள் மறக்கவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஒரு கல்யாணப் பட்டுத் துணியை நான் இஸ்திரிப் பெட்டியில் சுட்டுவிட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது, தான்தான் பெட்டியை மேலே வைத்துவிட்டுப் போனதாக உன் அம்மா சொன்னாள். அவர்கள் திட்டினார்கள், நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டு அவளைத் திட்டினேன். நீ பலகையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மாவுக்குக் கவனம் பத்தாது என்று அப்புறம் பல தடவை நீயும் சொல்லியிருக்கிறாய். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நீ அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் என்னிடம் கற்றதுதான். தனம் உன் வீட்டில் உனக்காக என்னென்ன பழியைச் சுமக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. உனக்காவது தெரிந்திருக்கட்டும். யாராவது அவளைக் கை நீட்டிக் கேட்கிற இடத்தில் நீ பையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அப்பன் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி இவ்வளவுதான்.

மிச்சமிருந்த வெள்ளைக் குஞ்சுகளை உன் அம்மா மறுபடி கூடையில் போட்டு, பொறுமையாகப் பழக்கி, கூட்டத்தோடு சேர்த்துவிட்டாள். இப்போது அவை கருப்புச் சேவலோடு ஒன்றாகப் படுத்து மண் குளிக்கின்றன. சந்தையில் வாங்கிய சேவலையாவது முனீஸ்வரனுக்குக் கொடுத்துவிடலாமே, நானே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். "வாங்கியாந்ததக் குடுத்து சாமியையும் ஏமாத்தவா?" என்றாள். வீட்டில் பொரித்த இன்னொரு சேவலுக்கு அந்தக் கயிற்றைக் கட்டி விட்டிருக்கிறாள். எதிரே வந்தால் நான் ஒதுங்கி அதற்கு வழி விடுகிறேன்.

இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்ததும் கோலியனூருக்குப் போ. சம்பந்தியம்மாவுக்கும் தனத்துக்கும் முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்துக் காட்டு. நான் சேவலைத் தின்றதையும் விடாதே, பையைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் விடாதே. அவர்களுக்கு என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டட்டும், நான் வந்து எதிரில் நின்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் வைக்கிற அன்று காலை பாசஞ்சரில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

இதுவரை எழுதியதை இன்று காலை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் கடிதத்தில் நான் விட்டுவிட்ட வரிகளையும் படித்தேன். "தெரியும். நீங்க மடிச்சி வெச்ச அவசரத்துலயே தெரிஞ்சிது" என்றாள். அப்புறம், "இதப் போஸ்ட் பண்ணாதீங்க. கிழிச்சிப் போடுங்க. அந்தக் கொழந்தைக்குத் தாத்தான்னு சொல்லிக்க ஒருத்தர் வேணும். நான் அப்புறமா என்னைக்காவது பார்த்துக்கறேன்" என்றாள். சரி, கிழித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கடையில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பத்தியை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நேரே தபாலாபீசுக்குத்தான் போகிறேன். அவளிடம் நான் சொல்லுகிற கடைசிப் பொய் இது. சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து, குழந்தையை அவள் கையில் கொடுக்கும்போது அது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு வராது. நீ பக்கத்தில் நின்று பார்.

உன் அப்பா